அந்த வீட்டு வரதன்

மாமல்லபுரத்தில் கடலைப் பார்த்த ஒரு ஹோட்டலில் துணி மடிக்கும் வேலை செய்தாள் ஜெனிட்டா. கணவன் வரதன் ஆபீஸ் ஆட்களை ஏற்றிப் போகும் வேன் ஓட்டினான். ஒரு முற்பகல், படுக்கை விரிப்பை உதறிக்கொண்டிருந்தவள் தலையைப் பிடித்தபடி அப்படியே சரிந்தாள். செங்கல்பட்டில் ஸ்கேன் எடுத்தார்கள். மூளையில் ஒரு ரத்தக்குழாய் பலூன் போல வீங்கி வெடித்திருந்தது. மண்டையைத் திறந்து அந்த இடத்தில் கிளிப் போட்டார்கள்.

பிழைத்துவிட்டாள் என்று வரதன் மூச்சுவிட்ட அதே வாரத்தில் மற்ற குழாய்கள் சுருங்கி, இடது கை துவண்டது. அது மெல்லப் பழைய நிலைக்குத் திரும்பியது.

வீட்டுக்கு வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். சுவரைத் தடவினாள். ஜன்னல் திரையை முகர்ந்தாள்.

"எல்லாம் எங்க வூடு மாறியே கீது. ஆனா எங்க வூடு இல்லண்ணே."

அண்ணே என்றது கட்டிய கணவனை.

அவள் அழவில்லை, கத்தவில்லை. விருந்தாளி மாதிரி ஒடுங்கி உட்கார்ந்தாள். கடல் பக்கமாக இதே போல இன்னொரு வீடு இருக்கிறதாம். அங்கே அவள் புருஷன் வரதன் காத்திருக்கிறானாம். பக்கத்தில் நின்ற வரதன் கல்யாணப் போட்டோவைக் காட்டினான். அவரும் உங்கள் ஜாடைதான் என்று பரிதாபமாகச் சிரித்தாள்.

டாக்டர் ராமானுஜம் ஆச்சரியப்படவில்லை. மூளையின் வலப்பக்கம் பாதித்தால் சிலருக்கு இப்படி ஆவதுண்டு, மல்லுக்கு நிற்காதீர்கள் என்றார். வரதனும் நிற்கவில்லை. ஒரு மத்தியானம் சோறு பிசைந்துகொண்டே அவள் தானாகச் சொன்னாள்:

"நா ஆபரேசன்ல இருந்தப்போ அவரு மட்டும் வூட்டுக்கு வந்தாரு. நா வெச்சிட்டுப் போன நெத்திலிக் கொழம்பு ஊசிப்போயிருந்துச்சு. அத்தயே ஊத்தித் துன்னாரு. சட்டியக்கூட கழுவல."

வரதன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். மாற்றுத்துணி எடுக்க வந்த அன்று அவன் செய்தது அதேதான். கதவைச் சாத்திக்கொண்டு, தனியாக. யாரிடமும் சொன்னதில்லை. அவளோ அப்போது நினைவில்லாமல் கிடந்தாள்.

"உனுக்கு யாரு சொன்னா?"

"அவருதான். காலைல சொன்னாரு."

பிறகு தலைக்குள் நீர் கோத்து நடை தள்ளாடியது. அந்த நீர் வடிய, தலையிலிருந்து தோலுக்கடியில் வயிறுவரை ஒரு குழாய் வைத்தார்கள். நடை சரியானது, பேச்சு தெளிந்தது. அரை நாள் வேலைக்குக்கூடப் போகிறாள். வீடு மட்டும் அவளுடையதாகவே இல்லை. சாயங்காலமானால் செருப்பை மாட்டிக்கொண்டு கடல் பக்கம் பார்த்து நிற்கிறாள்.

வரதன் இப்போதெல்லாம் அவளைத் திருத்துவதில்லை. வேனை நிறுத்திவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிறான்:

"இன்னிக்கி எப்டி கீறாராம்?"

"ரொம்ப எளச்சிட்டாரு" என்கிறாள்.

அவன் கை தானாகச் சட்டைக் காலருக்குப் போகிறது. கொஞ்ச நாளாகவே அது கழுத்தில் தளர்ந்துதான் கிடக்கிறது.