உள்ளுக்கு வந்து நின்ற லெப்ட் பெக்

1. காற்சட்டையோடு வந்த ஐயர்

யாழ்ப்பாணத் தீவுப்பகுதிப் பாடசாலைகளில் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இப்போதும் சரவணையில் எங்கள் உதைபந்தாட்டக் கழகத்துக்குப் பயிற்சி கொடுக்கிறேன். இடது பக்கப் பின்காவலனை, அதாவது லெப்ட் பெக்கை, எங்கே நிறுத்துவது என்று இளம் பயிற்றுநர்கள் சிலர் கேட்கிறார்கள். தொலைபேசியில் அம்புக்குறி போட்ட படங்களையும் காட்டுகிறார்கள். படம் போட எனக்கு வராது. எனக்குத் தெரிந்தது ஒரு ஐயரின் கதை.

ஒரு பின்னேரம் எங்கள் கோல்காப்பாளர் பயிற்சிக்கு வரவில்லை. மைதான ஓரத்தில் வேட்டியும் குடுமியுமாக ஒருவர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிள்ளையார் கோயிலில் பூசை செய்ய நயினாதீவிலிருந்து புதிதாக வந்த சபேச ஐயர் அவர். இருபத்தைந்து வயது மட்டில் இருக்கும்.

"சேர், ஆள் குறையுதெண்டால் நான் நிக்கட்டோ?"

"ஐயா, இது பந்தடி. பெடியள் விழுத்திப்போடுவாங்கள்."

"பரவாயில்லை சேர். காற்சட்டை கொண்டந்தனான்."

சைக்கிள் கூடையில் அர்ச்சனைத் தட்டுக்குக் கீழே காற்சட்டை மடித்து வைத்திருந்தது. ஆக, மனுசன் பல நாளாக ஆள் குறையட்டும் என்று பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

அன்றைக்குக் கோலில் நின்றார். பிறகு பின்வரிசை நடுவில் மறிக்கும் ஸ்டொப்பர் இல்லாத நாளில் ஸ்டொப்பராக நின்றார். முன்வரிசையில் சென்ரர் போவர்ட்டாக விட்டுப் பார்த்தேன், கோல் அடித்தார். இரண்டு காலாலும் அடிப்பார். மாலைப் பூசைக்கு நேரமானால் மட்டும் யார் கூப்பிட்டாலும் நிற்க மாட்டார்.

எல்லா இடமும் பார்த்துவிட்டு அவரை லெப்ட் பெக்காகப் போட்டேன். கழகத்தில் ஒருவருக்கும் அது பிடிக்கவில்லை. கோல் அடிக்கிற ஆளைக் கொண்டுபோய்ப் பின்னுக்குக் கட்டி வைத்திருக்கிறேன் என்று கதைத்தார்கள். எங்கள் பக்கத்தில் நல்ல பெக் என்றால் பந்தைப் பனைக்கு மேலால் அடித்து அனுப்புகிறவன். அதற்கு ஐயர் எதற்கு என்று கேட்டார்கள். என் கணக்கு வேறு. முன்னுக்கு நிற்பவனின் முதுகுக்குப் பின்னால் பாதி ஆட்டம் நடக்கும். பெக்குக்கு முழு மைதானமும் முகத்துக்கு நேரே இருக்கும். பார்க்கத் தெரிந்த ஆள் அங்கே நிற்க வேண்டும்.

2. லைனை விட்டு உள்ளே

இடது ஓரத்தில் முன்னுக்கு ஓடும் எங்கள் லெப்ட் விங் ரமணன். ஓட்டோ ஓடுகிறவன். காலிலும் அதே வேகம், அதே அவசரம். ஐயர் மைதானத்தின் ஓரக் கோட்டில், லைனில் நின்று பந்தை எடுத்தால் அவருக்கு முன்னால் ரமணன் நிற்பான், ரமணனை மறித்துக்கொண்டு இரண்டு பேர் நிற்பார்கள். பந்து போக வழி இருக்காது.

ஆகவே பந்து எங்களிடம் இருக்கும்போது ஐயரை லைனை விட்டு உள்ளே, நடுக்களத்துக்கு வரச் சொன்னேன். அப்போது எதிரணிக்கு ஒரு தலையிடி வரும். ஐயரோடு ஒருவன் உள்ளே வந்தால் லைன் ஓரம் ரமணனுக்குத் திறக்கும். வராமல் விட்டால் ஐயர் தனியே நின்று, விரும்பிய இடத்துக்குப் பந்தைப் போடுவார். ஒரு பெக் பத்துப் பன்னிரண்டு மீற்றர் தள்ளி நிற்பதால் முன்னுக்கு நிற்கும் எல்லோருடைய இடமும் மாறிவிடுகிறது. விசயம் இவ்வளவுதான்.

நாங்கள் வெல்லத் தொடங்கினோம். ஐயரைப் பின்னுக்குக் கட்டி வைத்ததாகச் சொன்னவர்கள் அப்படிச் சொன்னதையே மறந்துபோனார்கள்.

3. மடத்துவெளியில் ஒரு ஆட்டம்

அயலூரான மடத்துவெளியில் ஆடிய அன்று ஒன்றைக் கவனித்தேன். ஐயர் பந்தோடு நடுவில் வந்தால் எதிரணிப் பெடியள் ஒரு எட்டுத் தள்ளி நின்றார்கள். ஒருவனின் கால் அவரில் தட்டுப்பட்டது. அவன் பந்தை விட்டுவிட்டுத் திரும்பினான்.

"ஐயா, நொந்து போச்சோ?"

அதற்குள் ஐயர் பாஸ் கொடுத்து, அது கோலாகவும் ஆகிவிட்டது. ஆட்டம் முடிந்து கை கொடுக்க வந்த இன்னொருவன், கொடியேற்றம் எப்ப என்று கேட்டுவிட்டுப் போனான்.

எங்கள் ஆட்களும் திறமில்லை. மற்றவனிடம் "டேய், தாடா" என்று கத்துகிறவன் இவரிடம் "ஐயா, இஞ்சால தாங்கோ" என்பான். அந்த மரியாதையைச் சொல்லி முடிக்கிறதுக்குள் எதிரணி வந்து நிற்கும். நானும் அப்படித்தான். ஒரே மூச்சில் "டேய் ரமணன், ஓடடா! ஐயா, கொஞ்சம் உள்ளுக்கு வாங்கோ!" என்று கூப்பிடுவேன். சனம் சிரிக்கும்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஐயர் என் பக்கத்தில் வந்து இருந்தார். வென்ற முகமாகத் தெரியவில்லை.

"சேர், அவங்கள் என்னை மறிக்கிறாங்களில்லை."

"அது எங்களுக்கு நல்லதுதானே ஐயா."

"உங்களுக்கு நல்லது. நான் விளையாடி வெல்லுறனோ, குடுமி வெல்லுதோ எண்டு எனக்கே தெரியேல்லை."

அவர் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். அன்றைக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

4. இறுதி ஆட்டம்

தீவுப்பகுதிக் கழகங்களுக்கான வெற்றிக் கிண்ணப் போட்டியின் இறுதி ஆட்டம் வேலணையில் நடந்தது. எதிரணி ஊர்காவற்றுறை. பெரும்பாலும் கடற்தொழில் செய்கிற பெடியள், மாதா கோயிலுக்குப் போகிறவர்கள். எங்கள் ஐயரிடம் விபூதி வாங்கிப் பழகியவர்கள் அல்ல. அவர்களுக்கு லெப்ட் பெக் என்றால் லெப்ட் பெக்தான்.

ஆட்டத்துக்கு முதல்நாள் கோயில் தர்மகர்த்தா என் வீட்டுக்கு வந்தார். அடுத்த கிழமை கொடியேற்றம். ஐயர் முன்னின்று நடத்தப்போகும் முதல் திருவிழா.

"சேர், இரத்தக் காயத்தோட மூலஸ்தானத்துக்குள்ள போகேலாது. நொண்டிக்கொண்டு திருவிழா செய்யவும் ஏலாது. ஏதும் நடந்தால் நான் வேறை குருக்களைத்தான் கூப்பிடவேணும்."

"விளையாட விடவேண்டாம் எண்டுறியளோ?"

"அப்பிடிச் சொல்லேல்லை. ஆள் ஆசையா விளையாடுது. நடுவுக்கு விடாமல் லைன்ல நிப்பாட்டுங்கோ."

நியாயமான மனுசன். அவர் கேட்டதும் நியாயம். ஐயரிடம் சொன்னேன். தலையாட்டினார்.

முதற்பாதியில் அவர் லைனில் நின்றார். பார்க்கச் சகிக்கவில்லை. பந்து வரும், முன்னுக்கு அடிப்பார், எதிரணி எடுக்கும். ஒரு கோல் வாங்கினோம். இடைவேளையில் ரமணன் தண்ணீர்ப் போத்தலை நிலத்தில் போட்டான்.

"சேர், ஐயாவும் நானும் ஒரே ஒடுங்கின ஒழுங்கைக்குள்ள நிக்கிறம். எனக்குத் திரும்பவே இடமில்லை."

தர்மகர்த்தா எதிர்ப்பக்கத்தில் கதிரை போட்டுக் குடை பிடித்து இருந்தார். ஐயரும் அவரைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஐயா, திருவிழா உங்கடை. நான் உள்ளுக்கு வரச் சொல்லமாட்டன். நீங்கள்தான் சொல்லவேணும்" என்றேன்.

ஐயர் குடுமியை அவிழ்த்து இறுக்கிக் கட்டினார்.

"உள்ளுக்கு வாறன் சேர்."

முதல் தடவை நடுவில் பந்தை வாங்கினார். வழக்கம்போல எதிரில் நிற்பவன் விலகுவான் என்று ஒரு கணம் தாமதித்தார். உயரமான ஒரு பெடியன் நேரே வந்து பந்தைப் பறித்துக்கொண்டு போனான். ஐயர் அவனைத் திரும்பிப் பார்த்தார். அதன்பிறகு அவர் தாமதிக்கவில்லை. பந்து வருமுன்பே சுற்றிப் பார்த்து, ஒரே தட்டில் விட்டார்.

ஆட்டம் முடியப்போகிற நேரம் ஸ்டொப்பர் கேதீஸ் அவருக்குப் பந்தைக் கொடுத்தான். அந்த உயரமான பெடியன் ஒரு பக்கத்தால் வந்தான். ரமணனை மறித்துக்கொண்டு நின்றவனும் மறுபக்கத்தால் ஓடி வந்தான். மடத்துவெளியில் யாரும் கிட்ட வராததால் ஐயருக்கு இடம் கிடைத்தது. இங்கே இரண்டு பேர் கிட்ட வந்ததால் ரமணனுக்கு இடம் கிடைத்தது. ஐயர் பந்தை லைன் ஓரம் தள்ளினார். ஓடி வந்த இருவரும் அவர்மேல் மோதி, மூவரும் புழுதியில் விழுந்தார்கள்.

ரமணன் ஓடிப்போய்க் குறுக்கே போட்டான், கோல் விழுந்தது. சனம் எல்லாம் கோல் கம்பத்தைப் பார்த்துத் துள்ளியது. நானும் தர்மகர்த்தாவும் மட்டும் ஐயரின் முழங்காலைப் பார்த்தோம்.

நான் கிட்டப் போகுமுன் உயரமான பெடியன் எழும்பி, ஐயருக்குக் கை கொடுத்து இழுத்தான்.

"எழும்படா மச்சான். பாஸ் எண்டால் அதுதான் பாஸ்!"

நான் குனிந்து ஐயரின் இரண்டு முழங்காலையும் தட்டிப் பார்த்தேன். புழுதிதான், இரத்தம் இல்லை. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவர் காலைப் பற்றிக் கவலைப்படவே இல்லை.

"சேர், அவன் என்னை மச்சான் எண்டவன்."

ஆட்டம் சமநிலையில் முடிந்து, பனால்டி உதையில் தோற்றோம். கிண்ணம் ஊர்காவற்றுறைக்குப் போனது. பஸ்ஸில் எல்லோரும் வாடிப்போய் இருக்க, ஐயர் ஒருவர்தான் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தார்.

5. காப்பு அவிழ்த்த பிறகு

கொடியேற்றம் ஐயரின் கையாலேயே நடந்தது. கையில் காப்புக் கட்டிய நாள் தொடக்கம் அவர் ஊர் எல்லை தாண்டவில்லை, மைதானப் பக்கமும் வரவில்லை. நான் வரிசையில் நின்று அவரிடம் விபூதி வாங்கினேன். அங்கே அவர் ஐயா, நான் கை நீட்டி நிற்கிற ஆள். அதில் மாற்றம் இல்லை.

பெக்கை எங்கே நிறுத்துவது என்பதைப் பயிற்றுநர் சுண்ணாம்பு போட்டுக் காட்டிவிடலாம். அந்த இடத்தில் அவன் விளையாட வேண்டுமென்றால் மற்றவர்கள் அவனை விளையாட்டுக்காரனாக நடத்த வேண்டும். நான் அதைக் கற்றுக்கொண்டது ஊர்காவற்றுறைப் பெடியன் ஒருவனிடம்.

திருவிழா முடிந்து காப்பு அவிழ்த்த பிறகு ஐயர் முதன்முதலாகப் பயிற்சிக்கு வந்தார். பந்து கேதீஸிடம் இருந்தது. ஐயர் லைனில் நின்றார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"டேய் சபேசன், உள்ளுக்கு வாடா!"

மைதானம் அப்படியே நின்றது. ரமணன் வாயைப் பொத்திக்கொண்டான். ஐயர் என்னை ஒருக்கால் பார்த்துவிட்டு, கையை உயர்த்திப் பந்து கேட்டுக்கொண்டு உள்ளே ஓடிவந்தார். கேதீஸ் பந்தைக் கொடுத்தான், கொடுத்த கையோடு தானே பின்னால் ஓடிப்போய் அவரை விழுத்தியும் விட்டான். ஐயர் எழும்பி, புழுதியைத் தட்டி, கேதீஸுக்கு ஒரு பேச்சுப் பேசினார். அந்தச் சொல்லை இங்கே எழுத முடியாது. எனக்குக் கிண்ணம் கிடைத்த மாதிரி இருந்தது.