வெள்ளிக் காது

கண்ணை மூடிக்கொண்டு குவார்ட்டர் என்கிற கால் டாலர் காசைச் சலவைக்கல் பலகை மேல் போட்டார் பாய்ட் ஹோஸ்டெட்லர். ஓசை கணீரென்று நீண்டது. "வெள்ளி!" என்றார். அடுத்ததைப் போட்டார். டக். "தகரம். இத எடுத்துட்டுப் போய்த் துணி துவைக்கிற மெஷின்ல போடும்மா." ஜாடி நிறையக் காசு கொண்டுவந்த அம்மாள் வாய் பிளந்து நின்றாள்.

சனிக்கிழமைதோறும் ஒஹாயோவில் பழைய மாட்டுக் கொட்டகையில் கூடும் சந்தையில், வாசலோர முதல் மேசை பதினெட்டு வருஷமாக, பழைய வெள்ளிக் காசு வாங்கும் அவருடையது. உள்ளே வருகிறவர் யாராக இருந்தாலும் அவரைத் தாண்டித்தான் போகவேண்டும்.

உண்மையில் இதற்குக் காதே வேண்டாம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து நான்கு வரை அச்சான டைம் என்கிற பத்து சென்ட், குவார்ட்டர், அரை டாலர் எல்லாம் பத்தில் ஒன்பது பங்கு வெள்ளி. அதற்கப்புறம் வந்த டைம், குவார்ட்டர் விளிம்பில் செம்புக் கோடு பல்லை இளிக்கும். ஆனால் விளிம்பைப் பார்த்துச் சொன்னால் எவன் வேடிக்கை பார்க்க வருவான்? அறுபத்தைந்து முதல் எழுபது வரை வந்த அரை டாலரை நீட்டினால் மூக்கைச் சுளிப்பார். "தண்ணி ஊத்தின விஸ்கி! நூத்துக்கு நாப்பதுதான் சரக்கு. அதுக்குத்தான் பணம்." அவருடைய மருமகன் அறுபத்தைந்தில் பிறந்தவன். "கீறிப் பாருங்க, உள்ள செம்புதான்" என்று அவன் எதிரிலேயே சொல்வார்.

இவ்வளவு வாய் பேசுகிறவருக்கு இரண்டு வருஷமாக உச்சஸ்தாயி ஓசை எதுவும் கேட்பதில்லை. குருவி போயிற்று, டெலிபோன் மணி போயிற்று, வெள்ளியும் போயிற்று. கட்டிய மனைவியிடம்கூட மூச்சு விடவில்லை மனிதர். மேசைக்கடியில் ட்ரூடி படுத்திருக்கிறதே, அவருடைய நாய், அதுதான் கைகொடுத்தது. வெள்ளி ஒலித்தால் அதன் இடது காது விறைத்து நிமிரும். தகரத்துக்கு அசையாது. பாய்ட் இறுக மூடுவது வலது கண்ணை மட்டும்தான்.

எதிர்மேசையில் வெள்ளரி ஊறுகாய் விற்கும் மார்லிஸ் க்ரீப் அம்மாளுக்கு இதில் ஏதோ சந்தேகம். போன சனிக்கிழமை நேரே வந்து நின்றார்.

"பத்துக் காசு. நான் போடறேன், நீ சொல்லு. ஒண்ணு தப்பினாலும் வாசல் மேசை எனக்கு."

"பத்தும் சரியா இருந்தா?"

"வருஷம் பூரா ஊறுகா ஓசி. ஆனா நாய் என் வண்டியில இருக்கட்டும்."

பாய்ட் சுற்றிலும் பார்த்தார். அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. மாட்டேன் என்றால் மானம் போகும், சரியென்றால் மேசை போகும். "கூட்டிட்டுப் போ, எனக்கென்ன?" என்றார் வீறாப்பாக.

முதல் காசு விழுந்தது. அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. பழக்க தோஷத்தில் இடது கண் கீழே போனது. காலி இடம். திக்கற்றுப் போய் மேலே ஏறியது. அங்கே மார்லிஸின் புருவம் மெல்ல உயர்ந்துகொண்டிருந்தது! சீட்டாடிப் பழகாத முகம், பாவம். "வெள்ளி!" என்றார் பாய்ட். சரி. அடுத்ததற்குப் புருவம் அசையவில்லை. "தகரம்!" அதுவும் சரி. இப்படியே ஒன்பது.

பத்தாவதாக, தன் ஏப்ரன் பையிலிருந்து சில்லறை நிக்கல் ஒன்றை எடுத்துப் போட்டார் அந்த அம்மாள். அஞ்சு சென்ட் காசில் வெள்ளி ஏது என்பது அவருடைய கணக்கு. புருவம் கிடந்தபடி கிடந்தது.

"தகரம்!"

"பத்துக்குப் பத்து!" என்று கொட்டகை கைதட்டியது. "படுபாவி, உனக்கு நெசமாவே காதுதான்யா!" என்று புலம்பிக்கொண்டே மார்லிஸ் நாயை அழைத்துவரப் போனார்.

நிக்கலைத் திருப்பிக் கொடுக்க எடுத்த பாய்டின் விரல் நின்றது. பின்பக்கத்தில் பொறித்திருந்த மாளிகையின் குவிமாடத்துக்கு மேலே, பெரிதாக ஒரு 'பி' எழுத்து. திருப்பினார். வருஷம் நாற்பத்து மூன்று. யுத்தத்துக்கு நிக்கல் உலோகம் வேண்டியிருந்ததால், அது இல்லாமல், நூற்றுக்கு முப்பத்தைந்து பங்கு வெள்ளி சேர்த்து அடித்த காசு! அவருக்குப் பகீரென்றது. தோற்றுவிட்டார். அது அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

"இந்தா உன் தூங்குமூஞ்சி. எங்கய்யா என் காசு?" ட்ரூடியோடு மார்லிஸ் வந்து நின்றார்.

பாய்ட் அவசரமாக நீட்டினார். காசு நழுவிப் பலகையில் விழுந்தது.

ட்ரூடியின் இடது காது விறைத்து நிமிர்ந்தது. அதைப் பார்த்த மார்லிஸின் புருவமும் ஏறத் தொடங்கியது.

பாய்ட் மெதுவாகக் குனிந்து, இரண்டு விரலால் அந்தக் காதை மடித்து வைத்தார்.