தலையாட்டியது உதவியா?

வேல்ஸ் நாட்டு மலையூரான கும்லெக்கில் பிள்ளைகள் வீட்டில் வெல்ஷ் பேசுவார்கள். நெரிஸ் பிரிட்சர்டின் வகுப்பில் மட்டும் ஆங்கிலம் பேசுவார்கள், அதுவும் அவள் முறைத்தால். இருபத்தெட்டு வருஷமாக அந்த ஊர்ப் பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறாள். மழைத் தண்ணீர் வடியும் சிலேட் குன்றுகளைப் பார்த்தபடி நிற்கிற கட்டடம். அவளுக்கு வகுப்பறையில் பயந்து பழக்கமில்லை. பதினாறு வயதில் எழுதும் பொதுத்தேர்வை மாற்றிய வருஷம்தான் முதன்முறையாகப் பயந்தாள்.

பழைய முறை எளிது. பிள்ளைகள் கோடையில் தேர்வு மண்டபத்துக்குள் போவார்கள், எழுதுவார்கள், வெளியே வந்து அழுவார்கள் அல்லது சிரிப்பார்கள். வாத்தியார் வாசலோடு நின்றுவிடலாம். புதிய முறையில் மொழியும் இலக்கியமும் ஒரே தேர்வாகிவிட்டன. அதில் ஒரு பங்கு மதிப்பெண், நான்கு பிள்ளைகள் உட்கார்ந்து விவாதிப்பதற்கு. அதை நடத்துவதும் வாத்தியார், படம்பிடிப்பதும் வாத்தியார், மதிப்பெண் போடுவதும் வாத்தியார். "உரிய அளவுக்கு மேல் உதவவில்லை" என்று கடைசியில் கையெழுத்துப் போட வேண்டியதும் அவர்தான்.

உரிய அளவு எது? அதுதான் நெரிஸுக்குப் பிடிபடவில்லை.

உதவிக்கு ஆள் இல்லாமல் இல்லை. இணையத்தில் பயிற்சி வகுப்புகள் நடந்தன. வழிகாட்டிகள் வந்தன, அந்த வழிகாட்டிகளைப் படிக்க இன்னொரு வழிகாட்டி வந்தது. ஒருநாள் ஓல்வென் என்ற ஆலோசகரே நனைந்த கோட்டோடு வந்து சேர்ந்தாள். அவளும் முன்பு பள்ளி ஆசிரியைதான்.

"பிள்ளைங்களை ஊக்கப்படுத்தலாம், நெரிஸ். வழிநடத்தக் கூடாது."

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

ஓல்வென் கோப்பையை எடுத்தாள். தேநீரை ஒரு வாய் குடித்தாள். "ஒண்ணு முதுகுல தட்டுறது. இன்னொண்ணு முதுகுல தள்ளுறது."

"நான் தட்டினாலே எங்க பசங்க பத்தடி போய் விழுவாங்க."

"அப்போ மெதுவாத் தட்டுங்க," என்று சிரித்துவிட்டு ஓல்வென் அடுத்த பள்ளிக்குப் புறப்பட்டாள்.

துறைத் தலைவன் இத்தெல் நெரிஸை விட இருபது வயது இளையவன். எந்த மாற்றம் வந்தாலும் முதல்நாளே புரிந்துவிட்டதுபோல் நடப்பான். "நீங்க ரொம்ப யோசிக்கிறீங்க. எல்லாரும் நடத்துற மாதிரி நடத்துங்க," என்றான்.

"எல்லாரும் எப்படி நடத்துறாங்க?"

"அது... அவங்கவங்க பாணியில."

வசந்தத்தில் அந்த விவாதத் தேர்வு வந்தது. தலைப்பு, மூடிப்போன சிலேட் சுரங்கங்களைச் சுற்றுலாவுக்கு விடுவது ஊருக்கு நல்லதா என்பது. நெரிஸ் கேமராவை ஓட விட்டு, ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள். மூன்று பிள்ளைகள் மூச்சு விடாமல் பேசினார்கள். வேலை கிடைக்கும், கடைகள் வரும், பேருந்து அடிக்கடி ஓடும் என்று மனப்பாடமாக வந்து விழுந்தது. நான்காவது பெண் மனோன் மட்டும் வாயே திறக்கவில்லை.

மனோன் மந்தமான பிள்ளையல்ல. எழுத விட்டால் பக்கம் பக்கமாக எழுதுவாள். நாலு பேர் முன்னால் ஆங்கிலத்தில் பேசச் சொன்னால்தான் வார்த்தை வராது. மற்றவர்கள் பேசி முடித்துவிட்டு அவளைப் பார்த்தார்கள். மனோன் நிமிர்ந்து நெரிஸ் இருந்த பக்கம் பார்த்தாள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.

நெரிஸ் தலையாட்டினாள்.

யோசித்துச் செய்ததல்ல. அவள் கழுத்துக்கு இருபத்தெட்டு வருஷப் பழக்கம்.

உடனே மனோன் பேசினாள். "எங்க அப்பாவுக்கு அந்த மலையிலதான் வேலை போச்சு. இப்போ அதே மலையில வெளியூர்க்காரங்க காசு குடுத்து, உச்சியிலிருந்து கயித்துல தொங்கிச் சறுக்கிக்கிட்டு, சந்தோஷத்துல கத்துறாங்க. அது தப்புன்னு நான் சொல்லல. ஆனா அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அப்பா ரேடியோவைச் சத்தமா வெச்சிடுறாரு. ஊருக்கு நல்லதான்னு கேட்கிறீங்க. யாரோட ஊருக்கு?"

மற்ற மூவரும் மனப்பாடத்தை விட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பினார்கள். பிறகு உண்மையான விவாதம் தொடங்கியது. அந்த வருஷம் நெரிஸ் கேட்டதிலேயே அதுதான் சிறந்த விவாதம்.

கையெழுத்துப் போட உட்கார்ந்தபோது பேனா நகரவில்லை. தலையாட்டியதற்கு என்ன அர்த்தம்? 'பேசு' என்றா? 'நீ சொல்லப்போவது சரிதான்' என்றா? முதலாவது தட்டுவது, இரண்டாவது தள்ளுவது. எதைச் செய்தோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

"போட்டுட்டுப் போங்க. தலை ஆடுறதை எல்லாமா கணக்குல எடுப்பாங்க?" என்றான் இத்தெல்.

ஓல்வெனைக் கூப்பிட்டாள். "அது ஊக்கம்தான். நிம்மதியா இருங்க," என்றாள் ஓல்வென். நிம்மதி வரவில்லை. தேர்வு வாரியத்தின் உதவி எண்ணைக் கூப்பிட்டாள். எடுத்தவன் குரலில் இருமலும் பணிவும் இருந்தன.

"நீங்க தலையாட்டினது பதிலைக் காட்டிக் குடுத்துச்சுன்னா உதவி, மேடம். வெறும் தைரியம் குடுத்துச்சுன்னா உதவி இல்ல. எதைக் குடுத்துச்சு?"

"அதைக் கேட்கத்தானே உங்களுக்குப் போன் பண்ணேன்."

அவன் ஒரு தடவை இருமினான். "நடந்ததை நடந்தபடி எழுதி அனுப்பிடுங்க. எதுக்கும் வேற தலைப்புல இன்னொரு தடவை நடத்தி வெச்சுக்கோங்க," என்றான்.

அதை மனோனிடம் சொன்னபோது அவள் முகம் சிவந்தது.

"மறுபடியுமா? என்னால முடியாது மிஸ். அன்னைக்கு எப்படிப் பேசினேன்னே எனக்குத் தெரியல."

"நான் தலையாட்டிட்டேன், மனோன். அது தப்பா சரியான்னு யாருக்கும் தெரியல."

"தலையாட்டினீங்களா? எப்போ?"

"நீ என்னைப் பார்த்தியே, அப்போ."

"நான் எங்க மிஸ் உங்களைப் பார்த்தேன்? உங்க பின்னாடி ஜன்னல்ல ஒரு பொம்பளை கயித்துல தொங்கிக்கிட்டு, கையைக் காலை உதறிக்கிட்டுப் போனா. அதைப் பார்த்ததும்தான் கோவம் வந்துச்சு, பேசிட்டேன்."

நெரிஸ் பக்கத்திலிருந்த மேசையிலேயே உட்கார்ந்துவிட்டாள். ராத்தூக்கம் கெட்டு அலசி அலசிப் பார்த்த அந்தத் தலையாட்டல் யார் கண்ணிலும் படவே இல்லை. அப்படியானால் உதவியது அந்தக் கயிற்றுப் பெண்ணா? அதையும் எழுதி அனுப்ப வேண்டுமா? சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் அவள் விழிக்க, மனோன்தான், "தண்ணி வேணுமா மிஸ்?" என்றாள்.

நெரிஸ் அதையும் எழுதினாள். இத்தெல் அதைப் படித்துவிட்டு, "இதைப் படிக்கிறவன் நம்ம ஸ்டாஃப் ரூமுல என்ன குடிக்கிறாங்கன்னு கேட்பான்," என்றான். இரண்டாவது விவாதமும் நடந்தது. மனோன் அளந்து அளந்து, சரியான ஆங்கிலத்தில், உயிரில்லாமல் பேசினாள்.

கோடை தொடங்கும் முன் வாரியத்திலிருந்து பதில் வந்தது. முதல் பதிவே செல்லும் என்று ஒரே வரி. காரணம் எதுவும் சொல்லவில்லை. மனோன் கேள்விப்பட்டதும் தாழ்வாரத்தில் ஓடிவந்து நெரிஸைக் கட்டிக்கொண்டாள். பிறகு வெட்கப்பட்டு விலகிப் போனாள்.

இலையுதிர்காலத்தில் ஓல்வென் பக்கத்துப் பள்ளிகளின் ஆசிரியர்களையும் சேர்த்து ஒரு கூட்டம் வைத்தாள். நெரிஸைப் பேசச் சொன்னாள். நடந்ததை அவள் சொல்லி முடித்ததும் முன்வரிசையிலிருந்த ஒரு வயதான ஆசிரியர் கேட்டார்: "சரி, அப்போ தலையாட்டலாமா கூடாதா?"

"எனக்குத் தெரியாது," என்றாள் நெரிஸ். "ஆனா நான் ஆட்டுவேன்னு மட்டும் தெரியும். ஆட்டிட்டு, ஆட்டினேன்னு எழுதிடுவேன்."

அவ்வளவுதான், மண்டபமே இரண்டுபட்டது. ஒருவர் ஜன்னலை மூட வேண்டும் என்றார். இன்னொருவர் திரும்பி உட்கார்ந்தால் போதும் என்றார். ஒரு இளம் ஆசிரியை, தன் முகம் இயல்பாகவே சிரித்தமுகம், அதை என்ன செய்வது என்று அழாக்குறையாகக் கேட்டாள். இத்தெல் எழுந்து, தனக்கும் இதில் ஒன்றும் புரியவில்லை என்று முதன்முறையாக எல்லோர் முன்னாலும் சொன்னான். நெரிஸ் அவனை வியப்போடு பார்த்தாள்; பிறகு பெஞ்சில் நகர்ந்து, தன் பக்கத்தில் அவனுக்கு இடம்விட்டாள்.