பொதுச்சுவரில் சாமுவேலின் டிரான்ஸ்பார்மர்

சாமுவேலைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுத என்னால் முடியாது. ஆம்பூரில் நாங்கள் குடியிருக்கும் லைன் வீட்டில் அவருக்கும் எனக்கும் ஒரே சுவர். அதுவும் கூரை ஷீட்டைத் தொடாமல் ஒரு முழம் கீழேயே நின்றுவிடும். அவர் வீட்டு மீன் குழம்பு, இருமல், கோபம் எல்லாம் அந்தச் சந்து வழியாக என் வீட்டுக்கு வரும்.

காலமெல்லாம் தோல் கம்பெனியில் தோல் பதப்படுத்தும் டிரம் ஓட்டியவர். சுண்ணாம்பும் ரசாயனமும் ஏறி மூக்கு செத்துவிட்டது. காது மட்டும் பிழைத்தது. அதற்குத் தீனி போட வீட்டிலேயே ஆம்ப்ளிஃபயர் செய்ய ஆரம்பித்தார். பழைய டிரான்ஸ்பார்மர் ஒன்றைப் பலகையில் முடுக்கி, அந்தப் பலகையைப் பொதுச்சுவரில் அடித்தார். இந்தப் பக்கம் என் கட்டிலின் தலைமாடு.

நான் நர்ஸ். நைட் டூட்டி முடித்து வந்து பகலில்தான் தூங்க வேண்டும். பாட்டைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். பாட்டு இல்லாதபோதும் அந்த இரும்பு ‘ம்ம்ம்’ என்று அதிர்ந்துகொண்டே இருக்கும். சுவர் வழியாக வந்து மண்டைக்குள் உட்காரும். வார்டில் ஒரே நோயாளிக்கு இரண்டு தடவை டெம்பரேச்சர் பார்த்தேன்.

“அண்ணே, அந்தப் பலகைய எதிர்ச் செவுத்துக்கு மாத்துங்க” என்றேன்.

“தூக்கம் வர்லன்னா மாத்திர போட்டுக்க சிஸ்டர். ஆஸ்பத்திரிலதான கீற?”

அன்றிலிருந்து இரைச்சல் கேட்டால் செருப்பால் சுவரைத் தட்டுவேன். நான் தட்டினால் அவர் வால்யூமை ஏற்றுவார். எங்களுக்குள் பேச்சுவார்த்தை என்று இருந்தது இவ்வளவுதான்.

டிரான்ஸ்பார்மருக்குள் தகடுகள் தளர்ந்திருக்கின்றன, போல்ட்டை இறுக்கி வார்னிஷில் முக்கினால் அதிராது என்று ரேடியோ கடைக்காரர் சொல்லியிருக்கிறார். இவர் கேட்பாரா? கம்பெனிக் கழிவில் தோல் துண்டுகளை அள்ளி வந்து, டிரான்ஸ்பார்மரைக் கைக்குழந்தை மாதிரி சுற்றிப் பொதிந்துவிட்டார். இரைச்சல் நின்றது.

“இன்னா சிஸ்டர், இனிமே எதுக்குத் தட்டுவ?” என்று என் வாசலில் வந்து நின்று கேட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் அந்த வாரம் நன்றாகத் தூங்கினேன். அத்தனை தோலுக்குள் சூடு எங்கே போகும் என்று அவர் யோசிக்கவில்லை.

ஞாயிறு மத்தியானம் முடி கருகுகிற நாற்றத்தில் விழித்தேன். தோல் நாற்றம் எங்கள் தெருவில் யாரையும் எழுப்பாது. இது வேறு. சுவருக்கு மேலே, ஷீட்டை ஒட்டிப் புகை வந்துகொண்டிருந்தது. செருப்பை எடுத்துச் சுவரில் அறைந்தேன்.

“அண்ணே! கருகுது! நிறுத்துங்க!”

பாட்டுச் சத்தம் ஏறியது.

இன்னும் ஓங்கி அறைந்தேன். இன்னும் ஏற்றினார். ஏற்ற ஏற்ற அந்த இரும்பு இன்னும் கொதித்திருக்கும். நைட்டியோடு வெளியே ஓடி, மீட்டர் பெட்டியில் அவர் வீட்டு மெயினை இறக்கினேன்.

“எவடி அவ?” என்று கத்திக்கொண்டு கதவைத் திறந்தார். அவர் பின்னாலேயே கரும்புகை வந்தது. குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி அணைத்தோம். பலகை பாதி கரியாகியிருந்தது. ஃப்யூஸ் இருக்க வேண்டிய இடத்தில் தடித்த செம்புக் கம்பியை முறுக்கி வைத்திருந்தார், புத்திசாலி.

“அந்தத் தட்டு தட்டுறேனே, கேக்கலயா?”

“தெனம் தட்றவ தட்னா, இன்னான்னு தெரியும்?”

எவ்வளவு திமிர் பாருங்கள். அவர் சொன்னது சரியாக இருந்ததுதான் இன்னும் எரிச்சல்.

நன்றி என்று ஒரு வார்த்தை வரவில்லை. வேறு டிரான்ஸ்பார்மர் வாங்கி அதே சுவரில் மாட்டிவிட்டார். தோல் சுற்றவில்லை, அது ‘ம்ம்ம்’ என்கிறது. அவரைத் திட்டிக்கொண்டேதான் படுக்கிறேன். இடையில் அது நின்றுவிட்டால் திடுக்கிட்டு எழுந்து, கட்டில் மேல் ஏறி நின்று, அந்தச் சந்தில் மூக்கை நீட்டுகிறேன். மூக்கு செத்த மனுஷனுக்கும் சேர்த்து நான்தான் மோந்து பார்க்க வேண்டியிருக்கிறது.