தென்னங்கட்டைகளுக்கு நடுவே இருந்த இடைவெளி

சைக்கிளை விட்டு இறங்காமல், ஒரு காலை மட்டும் கரையில் ஊன்றியபடி பழைய பாலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்த மாத்திரத்தில் புதுப் பாலம் ஒன்று என் தலைக்குள் முழுசாக வந்து உட்கார்ந்துவிட்டது. பலகைத் தளம், இரண்டு பக்கமும் கைப்பிடி, திருகாணிக்கு எத்தனை அங்குலம் என்பது வரைக்கும்.

காஜா பேராங்கில், கம்போங் செட்டி என்னும் குடியிருப்புக்குப் பின்னால் ஓடும் கால்வாய் அது. குறுக்கே மூன்று தென்னங்கட்டைகள் கிடந்தன. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே ஓர் ஆள் உள்ளே போய்விடும் அளவுக்கு இடைவெளி. அக்கரையில் நான்கே வீடுகள், அவற்றுக்குப் பின்னால் சதுப்பு. வெளியே வர வேறு வழி கிடையாது. நான்கில் ஒன்று என் வகுப்புத் தோழனுடையது. அவனுடைய அம்மா கீழே விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டார் என்று முன்பே கேள்விப்பட்டிருந்தேன். எங்கே விழுந்தார் என்று கேட்டதில்லை. கட்டைகளைப் பார்த்த பிறகு, கேட்க என்ன இருக்கிறது என்று தோன்றியது.

நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்து மெர்டேக்கா கொடி ஏறி இரண்டு மாதம் ஆகியிருந்தது. தொழிற்பள்ளியில் இறுதியாண்டுக்காரர்கள் மூன்று மூன்று பேராகச் சேர்ந்து, ஊருக்குப் பயன்படும் ஒரு பொருளைத் திட்டமிட்டுச் செய்து காட்ட வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். மற்ற குழுக்கள் என்ன செய்யலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது என் கையில் படமே தயாராக இருந்தது. அதில் எனக்கு ஏகப்பட்ட பெருமை.

எங்கள் குழுவில் நான், அந்தச் செட்டித் தோழன், தச்சுப் பட்டறைக்காரர் மகனான ஒரு சீனத் தோழன். பல தலைமுறைக்கு முன்பே இங்கே வந்து குடியேறிவிட்ட செட்டிக் குடும்பங்களுக்குச் சாமி நம் சாமிதான், வீட்டுப் பேச்சு மலாய். ஆகவே நாங்களும் மலாயில்தான் பேசிக்கொள்வோம். அதை இங்கே என் தமிழில் எழுதுகிறேன்.

பள்ளிச் சிற்றுண்டிச் சாலையில் படத்தை விரித்தேன்.

"யாருலா அந்தக் கட்டைய இப்படி அகட்டி அகட்டிப் போட்டது? மூணையும் சேர்த்து வைக்கணும்னுகூடத் தெரியலையே."

"எங்க அப்பா," என்றான் செட்டித் தோழன்.

அவன் அப்பா இறந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. எனக்குச் சுருக்கென்றது. அடுத்த நொடியே சமாளித்தேன். "அப்படின்னா அவர் பேர் சொல்ற மாதிரி நல்லதாவே போட்ருவோம்லா."

"பார்ச்சுக்கு முன்னால முடியணும். அப்பாவுக்கு இதான் முதல் பார்ச்சு. அவரு இலைய அம்மாதான் போடணும்னு இருக்காங்க."

பொங்கலுக்கு முதல் நாள், இறந்துபோனவர்களுக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்து, வாழையிலையில் படைத்து, அவர்களைச் சாப்பிடக் கூப்பிடுவதை அங்கே பார்ச்சு என்பார்கள். அவர்கள் குடும்பத்துக்கு அது இக்கரையில் இருக்கும் மூத்த வீட்டில் நடக்கும். அம்மா எப்படியாவது கால்வாயைத் தாண்டி வந்தாக வேண்டும்.

"முடிச்சிரலாம்," என்றேன்.

அவன் பென்சிலைச் சீவிக்கொண்டே, "அம்மா நாற்காலியிலதான் வருவாங்க," என்றான்.

"ஏன்லா, உங்கம்மா என்ன மகாராணியா? கைப்பிடி போட்டுத் தரேன். புடிச்சிக்கிட்டுத் தானா நடந்து வருவாங்க பாரு."

சீனத் தோழன் சிரித்தான். செட்டித் தோழனும் சிரித்தான். அவன் சிரித்ததால் அந்தப் பேச்சு அதோடு முடிந்தது என்று எடுத்துக்கொண்டேன்.

வேலையை நான்தான் பிரித்தேன். யோசிப்பது நான். மரம் சீனத் தோழன் பொறுப்பு. செட்டித் தோழனின் கையெழுத்து அச்சடித்தது போல இருக்கும், ஆகவே அவன் படத்தைச் சுத்தமாக நகலெடுத்தால் போதும். கடல் ஏறும்போது கால்வாயில் தண்ணீர் எவ்வளவு வருகிறது, வற்றும்போது எவ்வளவு, கரை மண் எவ்வளவு ஆழத்தில் கெட்டியாகிறது என்று எல்லாவற்றையும் அளந்தோம். எட்டுப் பேர் ஒரே சமயத்தில் நின்றாலும் தாங்கும்படி கணக்குப் போட்டேன். அகலத்தை மட்டும் யாரிடமும் கேட்கவில்லை. பட்டறையில் ஆறடிப் பலகைகள் கிடந்தன. பாதியாக அறுத்தால் மூன்றடி, துண்டு மிச்சம் விழாது. பாலத்தின் அகலத்தை முடிவு செய்தது அந்தப் பலகைதான். கைப்பிடித் தூண்களைத் தளத்தின் உள்பக்கமாக நட்டதும், நடப்பதற்கு இரண்டரை அடிக்கும் குறைவாகவே மிஞ்சியது. அது எனக்குக் குறையாகத் தெரியவில்லை. நெருக்கமாக இருந்தால் இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ளலாம் அல்லவா?

இன்னொன்றும் செய்தேன். திருகாணிகளை யாரும் கழற்றிக்கொண்டு போகக் கூடாது என்று, முறுக்கிய பிறகு அவற்றின் முனைகளைச் சுத்தியலால் நசுக்கச் சொன்னேன். அது முழுக்க என் யோசனை.

ஆசிரியர் வந்து பாலத்தின் நடுவில் நின்று குதித்துப் பார்த்தார். அசையவில்லை. மூன்று தென்னங்கட்டைகளையும் அதற்கு முந்தின வாரமே துண்டு போட்டிருந்தோம்.

பார்ச்சு அன்று மாலை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன், தோழனின் அம்மா நடந்து வருவதைப் பார்க்க. சீனத் தோழனும் இக்கரையில் வந்து நின்றிருந்தான். மூத்த வீட்டுப் பக்கமிருந்து சாம்பிராணி வாசனை வந்துகொண்டிருந்தது.

அவர் நடந்து வரவில்லை. ஒரு பிரம்பு நாற்காலியை இரண்டு நீள மூங்கில்களில் கட்டி, மூங்கிலின் முனைக்கு ஒருவராக நான்கு ஆண்கள் தோளில் தூக்கி வந்தார்கள். இரண்டு பேர் அவருடைய பிறந்த வீட்டு ஆட்கள், இரண்டு பேர் கணவர் வீட்டு ஆட்கள். குடும்பத்தில் மூத்த பெண் நடக்க முடியாமல் போனால் பார்ச்சுக்கு அப்படித்தான் வருவாராம். வெள்ளைக் கெபாயாச் சட்டை அணிந்து, மடியில் ஒரு நறுக்கிய வாழையிலையை வைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தார். மகன் பக்கத்தில் நடந்து வந்தான்.

பாலத்தின் அந்த முனையில் நால்வரும் நின்றுவிட்டார்கள். இரண்டு பேர் தோளோடு தோள் சேர்ந்து நுழையவே இடமில்லை, அதற்கு நடுவில் நாற்காலி எங்கே போகும்? பின்னால் ஒருவர், முன்னால் ஒருவர் என்று மாற்றிப் பார்த்தார்கள். கரையோரப் பாதையிலிருந்து பாலத்துக்குத் திரும்பும் இடத்தில் மூங்கில் தூணில் இடித்தது. பின்வாங்கி மறுபடி திருப்பினார்கள். மறுபடி இடித்தது.

"யாருக்குக் கட்டுன பாலம் இது?" என்றார் முன்னால் நின்ற, தோழனின் சித்தப்பா. "கோழிக்கா?"

"படிச்ச புள்ளைங்க கட்டுனது," என்றார் பின்னால் நின்றவர். "கோழிக்கு அளவு சரியாதான் இருக்கு."

யாரும் சிரிக்கவில்லை. சித்தப்பா என்னைப் பார்த்தார். "அண்ணன் வேணும்னுதான் கட்டைய அகட்டிப் போட்டாரு. ரெண்டு பேரு அந்தக் கட்ட மேல, ரெண்டு பேரு இந்தக் கட்ட மேல. நடுவுல உள்ளது நடக்கிறவங்களுக்கு. இவங்க கெணத்தடியில விழுந்த வருசம் போட்டது. எங்க அந்தக் கட்டைங்க?"

கிணற்றடியில் விழுந்திருக்கிறார். பாலத்தில் இல்லை. அந்த இடத்தில் நான் நின்ற நிலையை எழுதி ஆகப்போவது ஒன்றும் இல்லை.

கடல் ஏறும் நேரம். கால்வாயில் இடுப்பளவு தண்ணீர், அடியில் சேறு. இறங்கித் தூக்க முடியாது. முதுகில் சுமக்கிறேன் என்று ஒருவர் முன்வந்தார். "மூட்ட மாதிரி அவரு முன்னால போக மாட்டேன்," என்றார் அம்மா. திருகாணிகளைக் கழற்ற வழியில்லை, அதை நானே அடைத்திருந்தேன். சீனத் தோழன் ஓடிப்போய் வாள் எடுத்து வந்து முதல் தூணை அறுக்க ஆரம்பித்தான். நல்ல சாதி மரம். வாள் அரை அங்குலம் இறங்குவதற்குள் மூத்த வீட்டிலிருந்து ஆள் வந்துவிட்டார், கூப்பிடும் நேரம் ஆகிவிட்டது என்று.

"நிறுத்து தம்பி," என்றார் அம்மா. அவருக்குத் தெரிந்த சில தமிழ்ச் சொற்களில் தம்பி ஒன்று. "சாப்பிடக் கூப்பிடுற நேரத்துல வாள் சத்தம் வேணாம்."

மடியிலிருந்த இலையை எடுத்து மகனிடம் நீட்டினார். "நீ போய்ப் போடு. அம்மா வரலன்னு சொல்லு அப்பாகிட்ட. ஏன்னு சொல்லாத."

நால்வரும் நாற்காலியைத் திருப்பினார்கள். அவன் மட்டும் இலையோடு பாலத்தைத் தாண்டி வந்து, எங்களைக் கடந்து போனான்.

மறுநாள் அவனிடம் கேட்டேன். "நீ ஏன்லா சொல்லல?"

"சொன்னேன். நீ மகாராணின்ன."

"இன்னொரு தடவ சொல்லியிருக்கலாம்ல."

"நீதான் அதுக்குள்ள ஆணி எண்ண ஆரம்பிச்சிட்டியே."

அவன் கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். எங்கள் மூவரில் அந்தக் கால்வாயை அறிந்தவன் அவன் ஒருவன்தான், அவனை நான் நகலெடுக்க உட்கார்த்தியிருந்தேன். பாலத்தில் கணக்குத் தவறு எதுவும் கிடையாது. இன்றும் எட்டுப் பேரைத் தாங்கும். வேகமாக யோசிப்பதைத்தான் நான் திறமை என்று நம்பியிருந்தேன். அந்த வேகத்தில் எத்தனை பேருடைய வாயை அடைத்தேன் என்று இப்போதுதான் எண்ணிப் பார்க்கிறேன்.

பள்ளியில் மதிப்பெண் போட்டாகிவிட்டது, நல்ல மதிப்பெண்தான். இனிப் பாலத்தை மாற்றிக் கட்டப்போவதற்கு யாரும் மதிப்பெண் போட மாட்டார்கள். ஆண்டின் நடுவில், பழங்கள் காய்த்துத் தள்ளும் பருவத்தில், இன்னொரு பார்ச்சு உண்டு. அதில் பழங்களைப் படைப்பார்கள். அதற்கு அம்மா வந்து இலை போட வேண்டும்.

போன வாரம் மூன்று பேரும் அவரிடம் போனோம். மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன், அவர் கையை அசைத்து நிறுத்திவிட்டார். "என்ன எப்படித் தூக்குறாங்கன்னு தெரிஞ்சிக்கணும்னா நீயே ஏறி உக்காந்து பாரு," என்றார்.

இந்த முறை கேட்பதும் தீர்மானிப்பதும் செட்டித் தோழன். படத்தை நகலெடுப்பது நான். அவன் தாளில் அகலம் என்ற இடத்தை வெறுமையாக விட்டு வைத்திருக்கிறான். சனிக்கிழமை காலை தண்ணீர் வற்றியதும் சித்தப்பாவும் மற்ற மூவரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அம்மா வீட்டு வாசலிலிருந்து கால்வாய் வரைக்கும், பிறகு மூத்த வீட்டுக் கதவு வரைக்கும், என்னை அந்த நாற்காலியில் வைத்துத் தூக்கிப் போவார்கள். கால்வாயில் இறங்கித்தான் கடக்க வேண்டும். எங்கே திரும்புகிறார்கள், எங்கே தோள் மாற்றுகிறார்கள், மூங்கில் முனை எவ்வளவு தூரம் சுழல்கிறது என்று அவன் கூடவே நடந்து அளப்பான். நான் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்க வேண்டும்.