கடைசிப் பெயர் இல்லாதவர்களின் புள்ளிகள்

கடன் அட்டைப் பிரிவில் தொலைபேசி எடுப்பதென்பது, நாங்கள் போடாத சட்டத்துக்கு நாள் முழுக்க நாங்களே மன்னிப்புக் கேட்கும் வேலை. கொழும்பு கொம்பனித்தெருவில் ஒரு பதினோராவது மாடியில் உட்கார்ந்து, தமிழில் அழைப்பவர்களுக்கு நான் பதில் சொல்கிறேன். பன்னிரண்டு வருடமாகிறது. அட்டை வைத்திருக்கும் சக பாவிகளே, நீங்கள் அட்டையைத் தேய்க்கும் ஒவ்வொரு தடவையும் வங்கி உங்களுக்குச் சில புள்ளிகள் தருகிறது அல்லவா? அவற்றை ஒரு ஹோட்டலின் உறுப்பினர் கணக்குக்கு மாற்றினால் அங்கே இலவசமாக அறை எடுக்கலாம். விளம்பரத்தில் இளஞ்சோடி ஒன்று காலை நீட்டிக்கொண்டு கடலைப் பார்த்தபடி இருக்கும். விளம்பரம் சொல்லாதவை இரண்டு. அட்டையில் உள்ள பெயரும் ஹோட்டல் கணக்கில் உள்ள பெயரும் எழுத்துக்கெழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். ஒருமுறை அனுப்பிய புள்ளி திரும்பி வராது.

ஹோட்டல் படிவம் முதற்பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கேட்கும். நமக்கு ஏது கடைசிப் பெயர்? அப்பாவின் பெயர் இருக்கிறது, நம்முடைய பெயர் இருக்கிறது, பெண்ணென்றால் கலியாணத்துக்குப் பிறகு புருசனின் பெயரும் வந்து சேர்கிறது. எதை எங்கே போடுவதென்று அந்தப் படிவத்தைச் செய்தவன் தமிழர் நிறைந்த வெள்ளவத்தையில் ஒரே ஒருவரிடம் கேட்டிருந்தால் என் தொண்டைத் தண்ணீர் மிஞ்சியிருக்கும்.

கந்தையாவுக்கு அழைப்பு

சிவபாலன் வெள்ளவத்தையில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிறார். பிறப்புச் சான்றிதழில் அப்பாவின் பெயர்தானே முதலில் நிற்கிறது என்று, ஹோட்டல் படிவத்தில் முதற்பெயர் கந்தையா, கடைசிப் பெயர் சிவபாலன் என்று நிரப்பிவிட்டார். அட்டையிலோ வெறும் கே. சிவபாலன். நல்ல காலம், புள்ளிகளை அனுப்புவதற்கு முதல் என்னை அழைத்தார். ஹோட்டலுக்குக் கடவுச்சீட்டுப் பிரதி அனுப்பிப் பெயரைத் திருத்தச் சொன்னேன்.

திருத்தி முடிய இரண்டு மாதம் எடுத்தது. அதுவரை ஹோட்டல்காரர் கிழமைக்கொரு மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டே இருந்தார்கள், எல்லாம் "அன்புள்ள கந்தையா" என்று. சிவபாலன் என்னிடம் சொன்னார்: "பிள்ளை, அப்பா செத்துப் பதினாறு வருசம். இருக்கேக்க ஒரு தேத்தண்ணிக் கடையிலகூட இருந்து குடிக்காத மனுசன். இப்ப வந்து நீச்சல் தடாகத்தில குளியுங்கோ எண்டு கூப்பிடுறாங்கள்."

அக்கா செய்யும் செலவு

கொட்டாஞ்சேனையில் இருந்து அழைத்த இராஜேஸ்வரி அன்ரி அவ்வளவு அதிர்ஷ்டசாலி அல்ல. அழைப்புகள் பதிவாவதால் "மெடம்" என்றுதான் கூப்பிட வேண்டும், ஆனால் இரண்டாவது நாளே அவர் எனக்கு அன்ரியாகிவிட்டார். பள்ளிக்கூடக் காரியாலயத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் இல்லை. தங்கை நோர்வேயில். கண் சத்திரசிகிச்சைக்கும் வீட்டுக் கூரைக்கும் தங்கைதான் அனுப்பினார். அந்தத் தங்கை இருபத்திரண்டு வருடத்துக்குப் பிறகு, இரண்டு கிழமை லீவில் வருகிறார். அவரைக் கடற்கரை ஹோட்டல் ஒன்றில் இரண்டு இரவு தன் செலவில் வைத்திருக்க வேண்டும் என்பது அன்ரியின் ஆசை. அதற்காகவே ஆறு வருடமாக, மருந்துக் கடையில் பனடோல் வாங்கினாலும் அட்டையைத்தான் நீட்டினாராம்.

அட்டையில் அவர் கணவரின் பெயரோடு ஆர். செல்வரத்தினம். ஹோட்டல் படிவத்தை அடையாள அட்டையைப் பார்த்து நிரப்பியதால் அங்கே அப்பாவின் பெயரோடு சின்னத்தம்பி இராஜேஸ்வரி. கலியாணம் முடித்து முப்பத்தைந்து வருடமாகியும் அடையாள அட்டையை மாற்றாத எத்தனை பெண்களை எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். புள்ளிகளை அனுப்பிவிட்டுத்தான் என்னை அழைத்தார். வங்கி கழித்துவிட்டது, ஹோட்டல் பெயர் வேறென்று ஏற்க மறுத்துவிட்டது. விதியை நான் வாசித்துக் காட்டினேன். வாசிக்க எனக்கே வெட்கமாக இருந்தது. அன்ரி கேட்டார்: "அப்ப என்ர புள்ளியள் இப்ப ஆரிட்ட நிக்குது, பிள்ளை? உங்களிட்டயும் இல்லை, அவையிட்டயும் இல்லையெண்டால்?"

எல்லாருக்கும் ஒன்று இருக்கத்தானே வேண்டும்

அன்ரியின் கலியாணச் சான்றிதழையும் அடையாள அட்டையையும் எடுப்பித்து, எங்கள் பிரிவு மேலாளர் தயாபரன் சேரிடம் கொண்டுபோனேன். யாழ்ப்பாணத்தவர், வெள்ளவத்தையில் வீடு. வீட்டில் தமிழ்தான், அலுவலகத்தில் அது கொஞ்சம் கரைந்துவிடும். அவர் சான்றிதழைத் தொட்டும் பார்க்கவில்லை. "வெப்சைட்டில கிளியரா போட்டிருக்கு, அது கஸ்டமரிட மிஸ்டேக்" என்றார்.

வெப்சைட்டில் போட்டிருப்பது ஆங்கிலத்தில், அதுவும் கடைசிப் பக்கத்தில், குறுணி அரிசி அளவு எழுத்தில். மூன்று மொழியிலும் சேவை என்று வாசலில் எழுதி வைத்திருக்கும் வங்கி இது. அட்டை விற்கும்போது வீடு தேடி வந்து தமிழில் பேசுகிறோம். புள்ளி போனால் மட்டும் ஆங்கிலம் வாசிக்கத் தெரியாதா என்று கேட்கிறோம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சேர், எங்கட ஆக்களுக்கு அப்பிடிக் குடும்பப் பெயர் இல்லையே என்றேன். கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்துச் சொன்னார்: "எல்லாருக்கும் ஒரு லாஸ்ட் நேம் இருக்கத்தானே வேணும், மைதிலி?"

மறுமுனையில் ஒரு மனிதர்

மதியச் சாப்பாட்டு நேரத்தில் என் சொந்தத் தொலைபேசியில் ஹோட்டல் பக்கத்தைப் பிடித்தேன். அரை மணித்தியாலம் பியானோ வாசித்தார்கள். பிறகு வந்தவர் ஒரு சிங்கள இளைஞர், நான் சண்டைக்குத் தயாராக இருந்தேன், அவர் இடமே தரவில்லை. இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று வங்கியின் பெயர் அச்சிட்ட தாளில் ஒரு வரி வந்தால் போதும், நான்கு நாளில் புள்ளிகளை ஏற்றிவிடுவோம் என்றார்.

ஒரு வரி. அந்த ஒரு வரிக்குக் கையெழுத்துப் போட வேண்டியவர் தயாபரன் சேர். தட்டச்சுச் செய்து அவர் மேசையில் வைத்தேன். மூன்று கிழமை அது அங்கேயே கிடந்தது, மேலே தேநீர்க் கோப்பையின் வட்டத்தோடு. தங்கை வந்து இறங்கிவிட்டார் என்று அன்ரி அழைத்துச் சொன்ன அன்று ஹோட்டல் இளைஞரை மறுபடி பிடித்துக் கெஞ்சினேன். கடிதம் இல்லாமல் தன்னால் முடியாது என்று அவர் வருத்தப்பட்டார். தன்னுடைய நீண்ட பெயரும் அட்டையில் பாதிதான் இருக்கிறது என்று சிங்களத்தில் என்னை ஆறுதல்படுத்தப் பார்த்தார்: "அனே நங்கி, மகே நமத் காட் எகே பாகயய் தியென்னே."

சேரின் கண்டுபிடிப்பு

அதற்கு அடுத்த கிழமை தயாபரன் சேர் தானாகவே என் மேசைக்கு வந்தார். பன்னிரண்டு வருடத்தில் இது இரண்டாம் தடவை. கலியாண நாளுக்கு மனைவியைப் பெந்தோட்டைக்குக் கூட்டிப் போகத் தன் புள்ளிகளை அனுப்பியிருக்கிறார். ஹோட்டல் கணக்கில் அருளம்பலம் தயாபரன், அட்டையில் ஏ. தயாபரன். எல்லாப் புள்ளியும் போய்விட்டது. அருளம்பலம் அவருடைய அப்பா.

பத்து நிமிடத்தில் கடிதம் தயாரானது. அதே கையோடு அன்ரியின் கடிதத்தையும் நீட்டினேன், வாசிக்காமலே கையெழுத்துப் போட்டார். அடையாள அட்டையும் சான்றிதழும் காட்டினால் பெயர் வேறுபாட்டை ஏற்றுக் கடிதம் கொடுக்கலாம் என்று மறுநாள் காலை பிரிவு முழுக்கச் சுற்றறிக்கை வந்தது. ஒரு மன்னிப்பு, ஒரு தலைகுனிவு, ஒன்றுமில்லை. பாராட்டுக்குக் காத்திருப்பவர் மாதிரி நின்று சொன்னார்: "சிஸ்டத்தில ஒரு சின்ன கேப் இருந்திருக்கு, மைதிலி. நல்ல காலம், நான் பிடிச்சன்."

இரண்டு இரவு

நான்காம் நாள் அன்ரியின் புள்ளிகள் ஹோட்டல் கணக்கில் ஏறின. வெற்றிச் செய்தி சொல்லும் பழக்கமில்லாத தொழில் என்பதால் அன்ரியின் இலக்கத்தை இரண்டு தரம் பிழையாக அழுத்தினேன். "அன்ரி, எல்லாம் சரி, இண்டைக்கே அறை போடலாம்" என்றேன். மெடம் என்று சொல்ல மறந்துவிட்டேன். பதிவில் இருக்கும், கேட்டால் கேட்கட்டும்.

அவர் எனக்கு மூன்று தரம் நன்றி சொன்னார். தங்கை எப்படி இருக்கிறா என்று கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை பிளேன் ஏறிவிட்டாவாம். அந்த இரண்டு கிழமையும் அக்கா முகம் ஏன் வாடியிருக்கிறது என்று துருவித் துருவிக் கேட்டு விசயத்தை அறிந்துகொண்டாவாம். அன்ரி குரலை உயர்த்தவில்லை, அழவும் இல்லை. மருந்துக் கடைச் சிட்டையை வாசிப்பதுபோலச் சொன்னார்: "அந்த ஹோட்டலுக்கே போய் ரெண்டு இரவு நிண்டனாங்கள், பிள்ளை. இந்த முறையும் அவதான் காசு குடுத்தவ."

பன்னிரண்டு வருடத்தில் நான் கற்றது இவ்வளவுதான்: எங்கள் வங்கியில் உங்கள் குறை தீர வேண்டுமானால், அது முதலில் எங்கள் சேருக்கு வர வேண்டும்.