கண்ணை மூடுங்க, எதையும் நினைக்காதீங்க

மூளையின் அலைகளைப் படம் எடுப்பது என் தொழில். கேட்பவர்கள் வாயைப் பிளப்பார்கள், ஆனால் நாளில் பாதி நேரம் நான் செய்வது தலைமுடியில் பசை ஒட்டுவதும் துடைப்பதும்தான். மதுரையில் ஒரு நரம்பு டாக்டரின் கிளினிக்கில் பதினெட்டு வருடம். ஒரே வாக்கியத்தை நாள் முழுக்கச் சொல்லித் தொண்டை தேய்ந்தவர்களே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். என் வாக்கியம்: "கண்ணை மூடுங்க, எதையும் நினைக்காதீங்க."

போன மாதம் அந்தக் கட்டிலில் நானே படுக்க வேண்டியதாயிற்று. ஸ்கூட்டரில் மகளைப் பள்ளிக்கு ஏற்றிப் போனபோது சிக்னலில் நின்றேன். சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். பின்னால் பஸ்காரர் ஹாரனை அலறவிட, மகள் முதுகில் தட்டினாள். "அம்மா, பச்சை விழுந்து எம்புட்டு நேரமாச்சு!" நடுவில் சில நொடிகளைக் காணோம். வலிப்பில் அப்படியும் ஒரு வகை உண்டு என்பது எனக்குத் தெரியும், அதுதான் வினை. பிள்ளை வேறு பின்னால் உட்கார்ந்திருந்தாள். கிளினிக்குக்குப் போனதும் முதல் வேலையாக டாக்டரிடம் சொன்னேன். வியாழக்கிழமை படம் எடுத்துவிடலாம் என்றார் டாக்டர். அதற்குள் அந்தக் கட்டிலில் படுத்து எழுந்தவர்கள் ஒவ்வொருவராக நினைவுக்கு வந்தார்கள்.

எண்ணெய்த் தலை

எண்ணெய் இருந்தால் வயர் ஒட்டாது. ஷாம்பு போட்டுக் குளித்து வரச் சொல்லிச் சீட்டில் எழுதி, வாயாலும் சொல்லி அனுப்புவேன். எழுமலை விவசாயி ஒருவர் முதல் பஸ் பிடித்து வந்தார். ஷாம்பு போட்டுத்தான் குளித்திருந்தார். ஆனால் ஆஸ்பத்திரிக்குப் பரட்டைத் தலையோடு போகலாமா என்று, குளித்த பிறகு கை நிறையத் தேங்காய் எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்தார்.

ஒவ்வொரு இடமாகப் பஞ்சால் தேய்த்து எனக்கு மணிக்கட்டு விட்டுப்போயிற்று. பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தவர் கேட்டார்: "ஏந்தாயி, மண்டை ஓட்டைத் தாண்டிப் பாக்குற மிசினு, இந்த எண்ணெயைத் தாண்டிப் பாக்காதா?"

இருபது நிமிடம்

கப்பலூரில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை பார்க்கும் பெண், தீராத தலைவலி என்று வந்தாள். கண்ணை மூடச் சொன்னதும் மூடினாள். இருபது நிமிடம் அசையவில்லை. அலைகள் பாடப்புத்தகத்தில் அச்சடித்த மாதிரி வந்தன. வயரை எல்லாம் எடுத்துவிட்டு, முடிந்தது என்றேன். அவள் எழுந்திருக்கவில்லை.

அடுத்தவர் வாசலில் நிற்கிறார், எனக்கு எரிச்சல். என்னம்மா, தலை சுற்றுகிறதா என்றேன். "இல்லக்கா. எதையும் நினைக்காதன்னு இதுக்கு முன்ன எங்கிட்ட யாரும் சொன்னதில்ல. வாரா வாரம் வரட்டா?"

தியான ஐயா

கீழக்குயில்குடியில் சமணர் மலை அடிவாரத்தில், காலை வேளையில் நாலைந்து பேருக்குத் தியானம் சொல்லிக்கொடுக்கும் ஒரு ஐயா. ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். தலைச்சுற்றலுக்காக வந்தார். மூச்சையே வேடிக்கை பார்க்கப் போகிறேன், அப்போது மூளை என்ன செய்கிறது என்று பார்த்துச் சொல்லும்மா என்று ஆசையாகக் கேட்டார். நாலாவது நிமிடம் திரையில் தூக்க அலைகள். கூடவே மெல்லிய குறட்டை.

எழுந்தபோது முகத்தில் அப்படியொரு தெளிவு. நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "ஐயா, நீங்க தூங்கிட்டீங்க" என்று திரையைக் காட்டினேன். என்னோடு வேலை பார்க்கும் நர்ஸ் செல்வி சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே ஓடினாள். ஐயா கோபப்படவில்லை. "நான் விடாமப் பாத்துக்கிட்டே இருந்தேம்மா. தூங்குனவன் எப்படிப் பாப்பான்?"

என் முறை

வியாழக்கிழமை செல்வி என் தலை முழுக்கப் பசை வைத்தாள். "கண்ணை மூடுங்கக்கா, எதையும் நினைக்காதீங்க" என்றாள், என்னைப் போலவே அலுத்த குரலில். எதையும் நினைக்காமல் இருப்பதாவது! மூடிய கண்ணுக்குள்ளும் அலைகள்தான் ஓடின. எங்கே வலிப்பைக் காட்டும் கூர்முனை எழும்புமோ என்று பயந்தேன். இன்று ஒரு நொடியைக்கூடத் தொலைக்கக்கூடாது என்று, அந்த ஐயா சொன்ன மாதிரி மூச்சைக் கவனித்தேன். உள்ளே, வெளியே. ஏசி இரைந்தது. வெளியே டோக்கன் நம்பர் கூப்பிட்டார்கள். எல்லாம் கேட்டது.

முடிந்ததும் செல்வியிடம், ஒரு நொடி விடாமல் முழித்திருந்தேன் என்று பெருமையாகச் சொன்னேன். பஞ்சும் கையுமாக அவள் என்னையே பார்த்தாள். "அக்கா, ஒம்பது நிமிசம் தூங்குனீங்க. குறட்டை கேட்டு டோக்கன் அண்ணே எட்டிப் பாத்துட்டுப் போனாரு."

டாக்டரின் கேள்வி

டாக்டர் படத்தை முழுக்கப் புரட்டினார். வலிப்பு அலை எதுவும் இல்லை என்றார். பிறகு, ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள் என்று கேட்டார். கூட இருந்த டெக்னீஷியன் வேலையை விட்டதிலிருந்து இரண்டு பேர் வேலையை நான் ஒருத்தி பார்க்கிறேன். வீட்டுக்குப் போனால் மாவு, பாத்திரம், மகளின் வீட்டுப்பாடம். விரல் விட்டு எண்ணிப் பார்த்து, நாலு என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. பயம் போன நிம்மதியா, இத்தனை நாள் அலுப்பா என்று எனக்கே தெரியவில்லை.

டாக்டர் செல்வியைக் கூப்பிட்டார். வேறு ஆள் போடும்வரை அரை நாள்தான் படம் எடுக்க வேண்டும் என்று அவளிடம் சொன்னார். பிறகு என்னிடம்: "ஒரு படத்தை வச்சு முடிவு பண்ண முடியாதும்மா. ஒரு மாசம் ஒழுங்காத் தூங்குங்க, மறுபடி பாப்போம். அதுவரைக்கும் ஸ்கூட்டர் சாவி உங்க வீட்டுக்காரர்கிட்ட இருக்கட்டும்."

பதினெட்டு வருடமாக ஊரார் தூக்கத்தைத் திரையில் காட்டிச் சிரித்தவளுக்குத் தன் தூக்கம் தெரியவில்லை என்பதால், வரும் ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிக் கீழக்குயில்குடி ஐயாவிடம் மன்னிப்புக் கேட்கப் போகிறேன், இறங்கும் இடத்தில் எழுப்பிவிட மகளையும் கூட்டிக்கொண்டு.